வெள்ளிக் காப்பில் அக்கா பெயர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. சர்வீஸ் முழுவதும் இந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் நான். ‘தள்ளு’, ‘பிடி’, ‘அழாதே’, ‘கூட வந்தது யாரு’ இவ்வளவுதான் என் வார்த்தைகள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலும் இதையேதான் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்கிறார்.

ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, கையில் மாட்டுகிற காப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நோயாளி பேச முடியாமல் விழுந்து கிடக்கும்போது, அவருக்கு இன்ன நோய், இன்ன மருந்து சாப்பிடுகிறார் என்று முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்வதற்காகப் போட்டுக்கொள்கிற காப்பு. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் அதைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். “அதுல இன்னா எழுதறது சிஸ்டர்?” என்று உங்களிடம் வந்துதான் நிற்பார்கள். பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. சரியான பதில்தான். ஆனால் பாடப் புத்தகத்துக்கு அக்கா, தம்பி, சம்சாரம், முதலாளி என்று யாரும் கிடையாது.

முதலில் சின்னதாக ஒன்று. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவரை, பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தார் என்று தூக்கிவந்தார்கள். கையில் தகடு. அதில் நோயின் பெயர், கீழே அவசரத்துக்கு ஒரு போன் நம்பர். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு அந்த நம்பரைப் போட்டேன். படுக்கையில் பக்திப் பாட்டு கேட்டது. கட் செய்தேன், பாட்டு நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி பாட்டு. அவர் சட்டைப் பையில் இருந்துதான் வந்தது. குளுக்கோஸ் ஏறிக் கண் விழித்தவர் முதல் வேலையாகப் போனை எடுத்துப் பார்த்தார்.

“ஏம்மா, தெரியாத நம்பர்ல இருந்து ரெண்டு மிஸ்டு கால் வந்துக்குது. யாரா இருக்கும்?”

“நான்தான்.”

“இன்னா விஷயம்மா?”

“நீங்க மயக்கமா இருக்கீங்கன்னு உங்ககிட்ட சொல்லலாம்னுதான்.”

ஏன் உங்கள் நம்பரையே போட்டீர்கள் என்று கேட்டேன். வேறு யார் நம்பரும் தனக்கு மனப்பாடம் கிடையாது என்றார். அன்றிலிருந்து யாராவது காப்புப் போடப் போவதாகச் சொன்னால், அதில் வெட்டும் நம்பரை அவர்கள் முன்னாலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவேன். அவர்கள் பையில் மணி அடித்தால் அந்த நம்பர் ஆகாது.

இப்போது தணிகாசலம் கதை.

தணிகாசலம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குப் பட்டு நெய்கிறவர். முதலாளி பாவும், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகளும், ஜரிகையும் கொடுப்பார். இவர் தன் வீட்டுத் தறியில் போட்டுப் புடவையாக்கித் திருப்பிக் கொடுப்பார். நாற்பது வயதைத் தாண்டியவர், அடர்த்தியான சுருட்டை முடி, அதைவிட அடர்த்தியான மீசை. காலில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நெஞ்சுக்கு ஏறி, மூச்சு விட முடியாமல் எங்களிடம் வந்தார். பிழைத்தது பெரிய விஷயம். இனிமேல் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே சின்னக் காயமாகத் தெரியும், உள்ளே இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் காப்பு.

காப்பில் என்ன எழுதுவது என்று கேட்க வந்தவர்கள் மூன்று பேர். தணிகாசலம், அவர் மனைவி மல்லிகா, அவருடைய அக்கா இராஜேஸ்வரி. காப்பை வாங்கிக் கொடுப்பது அக்கா. பட்டையான வெள்ளிக் காப்பு. வாங்கியாகிவிட்டது, எழுத்து மட்டும்தான் பாக்கி. என் மேசை மேல் வைத்துவிட்டு அக்கா ஆரம்பித்தார்.

“முதல்ல பிள்ளையார் சுழி. அப்புறம் ஓம் முருகா. அப்புறம் எங்கப்பா பேரு, தம்பி பேரு, வயசு, வீட்டு விலாசம், ரத்த குரூப்பு, மாத்திரை எத்தினி வேளைன்னு. கடசியா, அன்பளிப்பு: அக்கா இராஜேஸ்வரி.”

“நீங்க காப்பு செய்யறீங்களா, கல்வெட்டு வெக்கிறீங்களாம்மா?” என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்கு விவரம் போதாது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

ஒவ்வொன்றாக அடித்தேன். வயதா? இந்த வருஷம் வெட்டினால் வெள்ளி தேய்கிறவரை அவருக்கு அதே வயதுதான். மாத்திரை அளவா? ஒவ்வொரு தடவை இரத்தப் பரிசோதனை செய்யும்போதும் அது மாறும். இரத்த வகையா? காப்பைப் பார்த்து யாரும் இரத்தம் ஏற்றமாட்டார்கள், நாங்களே பரிசோதித்துத்தான் ஏற்றுவோம். விலாசமா? தபால்காரருக்கா எழுதுகிறோம்? மாறுகிற எதையும் வெள்ளியில் வெட்டக் கூடாது. நாங்களே கண்டுபிடித்துக்கொள்கிற எதையும் வெட்டக் கூடாது. எங்களால் கண்டுபிடிக்க முடியாததும், தெரியாவிட்டால் ஆளைக் கொல்லக்கூடியதும் எதுவோ அதுதான் முதல் வரி. சாமி பெயரை மனசில் வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

“நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு அது தெரியாது சிஸ்டர்” என்றார் அக்கா.

“பிள்ளையாரை எனக்கும் தெரியும்மா. தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல அவரைத் தாண்டித்தான் டூட்டிக்கு வர்றேன்.”

ஓம் முருகாவை விட்டுக்கொடுத்தார். விலாசம், வயது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார். பிள்ளையார் சுழியையும் அன்பளிப்பையும் மட்டும் அசைக்க முடியவில்லை. உங்களில் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இங்கே கல்யாணத்துக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுத்தாலும் கடையிலேயே பெயர் வெட்டித்தான் கொடுப்பார்கள். பெயர் வெட்டாத பாத்திரம் கொடுத்ததாகவே கணக்கில்லை. “கும்பாவுல போடறோம், குத்துவிளக்குல போடறோம், வெள்ளியில போட மாட்டோமா? நாளைக்கு யாரு செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?” என்றார் அக்கா. ‘தெரிந்து என்னம்மா ஆகப்போகிறது, இடம் வீண்’ என்று நானும் விடவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டோம். என் சர்வீஸில் டாக்டர்களோடுகூட அந்த அளவுக்கு நான் சண்டை போட்டதில்லை.

அதுவரை வாயே திறக்காத மல்லிகா, அக்கா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் பக்கம் குனிந்தாள்.

“சிஸ்டர், நோயி மட்டும் எழுத வாணாம் சிஸ்டர்.”

“அதை எழுதத்தானேம்மா காப்பே?”

“முதலாளி பாத்துட்டாருன்னா கல்யாணப் பாவு குடுக்க மாட்டாரு. நடுவுல படுத்துட்டா முகூர்த்தத்துக்குப் புடவை எப்படி வரும்னு கேப்பாரு. அதுலதான் சிஸ்டர் எங்க பொழப்பே ஓடிக்கினு இருக்குது.”

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நோய் வந்ததற்கு அவர்தான் பொறுப்பு என்பதுபோல ஒரு முகம். எனக்கு அவளைத் திட்ட மனசு வரவில்லை. பயந்துபோயிருந்தாள், அந்தப் பயம் நியாயமான பயம்.

கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. காப்பின் வெளிப்பக்கம் பிள்ளையார் சுழி, தணிகாசலம், அன்பளிப்பு அக்கா. கையோடு ஒட்டியிருக்கும் உள்பக்கம் நோயும் மாத்திரையும், மல்லிகாவின் போன் நம்பரும். கடைக்குள்ளே போர்டை மாட்டி வைக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மூவருக்கும் திருப்தி. அக்காவுக்குப் பெயர் தெரிகிறது, மல்லிகாவுக்கு நோய் தெரியவில்லை. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர் அழகாக வெட்டிக் கொடுத்துவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது அக்கா தம்பிக்குப் போட்ட காப்பு, அவ்வளவுதான். நெய்யும்போது பட்டு இழையில் மாட்டிக்கொள்ளும் என்று கழற்றித் தறிக்கால் ஆணியில் மாட்டிவிடுவாராம். வெளியே போனால் போட்டுக்கொள்வாராம். அதற்குப் பிறகு நான் அவர்களை மறந்துவிட்டேன். எத்தனையோ தணிகாசலங்கள் வருகிற ஊர் இது.

பல மாதங்கள் கழித்து ஒருநாள் காலையில், கூட்டம் அலைமோதும் நேரத்தில், மொட்டைத்தலை ஆள் ஒருவர் வந்தார். திருத்தணியில் முடி இறக்கி வந்த புதிது, மீசையும் இல்லை. தலையில் வலப்பக்கம் ஒரு புடைப்பு, கொஞ்சம் இரத்தம். தானாகவே நடந்துதான் வந்தார். கூடவே வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர். அவர்தான் பட்டு முதலாளி.

“கடை மாடிப்படியில வழுக்கிட்டாரும்மா” என்றார் முதலாளி. “கையில பாவு. கைய ஊனியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. பாவைக் கட்டிப் புடிச்சிக்கினே உருண்டாரு. ஒரு இழை கலையல, பாருங்க!”

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். அடிபட்டவரும் பெருமையாகத்தான் சிரித்தார். பாவு கலைந்தால் மறுபடி சேர்க்க முடியாது, தலையில் காயம் பட்டால் தையல் போட்டுக்கொள்ளலாம் என்பது நெசவாளிகள் கணக்கு.

டியூட்டி டாக்டர் நல்லவர், கவனமானவர். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாரா, வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா. பதில் சொன்னது முதலாளி.

“மாத்திரையா? தலைவலிக்குக்கூட சாப்பிட மாட்டாருங்க. கல்லு மாதிரி ஆளு. என் கடையில இவரு கை மாதிரி கை கிடையாது.”

“அப்படிங்களா?” என்று டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்டார்.

மொட்டைத்தலை மேலும் கீழும் ஆடியது. ஆமாம் என்று.

டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார். அந்த மூன்று பதில்களை வைத்து நானும் அதைத்தான் செய்திருப்பேன். அடுத்த படுக்கையில் நெஞ்சு வலி, வாசலில் பைக் விபத்து. நாடி பார்க்கக் கையைப் பிடித்தேன். காப்பு இடைஞ்சலாக இருந்தது. மேலே தள்ளினேன்.

அன்பளிப்பு: அக்கா இராஜேஸ்வரி.

அந்த முகத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தணிகாசலம் என்ற பெயரும் எதையும் ஞாபகப்படுத்தவில்லை. ஆனால் அந்த வரியை நான் எப்படி மறப்பேன்? அதை எடுக்கச் சொல்லி வார்டே வேடிக்கை பார்க்கக் கத்தியவள் நான். கும்பா, குத்துவிளக்கு, கல்வெட்டு எல்லாம் வரிசையாக வந்தது. அதன் பின்னாலேயே உள்பக்கம் என்ன இருக்கிறது என்பதும் வந்தது. காப்பைக் கழற்றித் திருப்பினேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. வெளியே யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருந்த எழுத்து அல்லவா, தேயவே இல்லை.

முதலாளி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சத்தமாகச் சொன்னால் மல்லிகாவின் பிழைப்பு போய்விடும். சொல்லாவிட்டால் மல்லிகாவின் புருஷன் போய்விடுவான். இதில் யோசிக்க எதுவும் இல்லை என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் யோசிக்க எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் கிடைத்தால் இரண்டையும் காப்பாற்றப் பார்ப்போமே என்று இருந்தது.

“ஐயா, இவரு வீட்டுக்குப் போன் பண்ணிட்டு வாங்க. உள்ள டவர் கிடைக்காது, வாசல்ல போய்ப் பேசுங்க.”

டவர் நன்றாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. அவர் போனார். நான் டாக்டரிடம் காப்பின் உள்பக்கத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியது. உடனே ஸ்கேனுக்கு ஆள் விட்டார். நான் தணிகாசலத்தின் காதருகே குனிந்தேன்.

“ஏம்பா, டாக்டர் கேட்டப்ப நாக்கு எங்கப்பா போச்சு?”

“முதலாளி நின்னுக்கினு இருந்தாரு சிஸ்டர்.”

“அதுக்கு?”

“பாவு இன்னிக்குத்தான் குடுத்தாரு. கல்யாணப் பாவு. இந்தத் தபா வுட்டா...” என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. முடித்தபோது முதலில் என்ன சொன்னார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, நேரமில்லை.

ஸ்கேனில் இரத்தக் கசிவு இருந்தது. இரத்தம் உறைவதற்கான மருந்தை ஏற்றிக்கொண்டே சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு ஆயிற்று. முதலாளி திரும்பி வந்தபோது ஸ்ட்ரெச்சர் ஆம்புலன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இன்னாம்மா இது, சின்ன அடின்னு சொன்னீங்க?”

“நாங்க சொல்லலைங்க. நீங்கதான் கல்லு மாதிரி ஆளுன்னு சொன்னீங்க.”

மல்லிகா இன்னும் வந்து சேரவில்லை. கூடப் போக ஆள் வேண்டும். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் செருப்பை உதறிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். என்ன மாத்திரை, என்ன நோய் என்பதெல்லாம் வழியில் அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆம்புலன்ஸில் இரகசியம் பேச இடம் ஏது? மல்லிகா போய்ச் சேரும்வரை அந்த மனிதர் தணிகாசலத்தின் கையை விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு அடுத்த வாரம் அந்தக் கல்யாணப் பாவை எடுத்து வேறு ஒருவர் தறிக்குக் கொடுத்தார் என்றும் கேள்விப்பட்டேன். இரண்டும் ஒரே ஆள்தான். மனிதர்களைப் பற்றி ஒரே பக்கமாக முடிவு கட்டாதீர்கள், அவசரப் பிரிவில் அதற்கு நேரமும் இருக்காது.

தணிகாசலம் பிழைத்தார். தலையில் முடி முளைத்து, மீசையும் வந்து, ஆள் அடையாளம் தெரிகிற நிலைமைக்கு வந்த பிறகு ஒருநாள் மூவரும் மறுபடி என் மேசைக்கு வந்தார்கள். புதுக் காப்பு. முன்னதைவிட அகலம். அக்காதான் வாங்கியிருந்தார். தணிகாசலம் பேச வாய் திறப்பதற்குள் மல்லிகா பேசினாள். இந்தத் தடவை குனியவில்லை.

“நோயி மேல வரணும் சிஸ்டர். முதல் வரி. தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும். ரெண்டாவது வரி என் போன் நம்பரு.”

“முதலாளி?”

“பாத்தா பாக்கட்டும். இப்ப வேற எடத்துல பாவு வாங்கறோம். கல்யாணப் பாவு இல்ல, சின்னக் கரை போட்ட புடவைதான். இவரு உசுரைப் புடிச்சிக்கினு நான் ஆஸ்பத்திரி வெராண்டாவுல உக்காந்துக்கினு இருந்தேனே, அன்னிக்கு எந்தப் பாவும் எனக்கு ஞாபகம் வரல சிஸ்டர். நானே வாயக் கட்டி அனுப்பிட்டேனேன்னுதான் வந்துச்சு.”

அவள் அழுதாள். தணிகாசலம் அவளைப் பார்க்காமல் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டுச் சீட்டை எடுத்து எழுதினேன். வெளிப்பக்கம்: இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். தலையில் அடிபட்டால் உடனே ஸ்கேன். மல்லிகாவின் நம்பர். அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன், மல்லிகாவின் பையில்தான் அடித்தது. சரி என்று தணிகாசலம் பெயரையும் பிள்ளையார் சுழியையும் உள்பக்கத்துக்குத் தள்ளினேன்.

“அன்பளிப்பு?” என்றார் அக்கா.

“அதையும் உள்ளேயே போட்டுடலாம்மா. வெளிய ஆபத்துக்கு வேண்டியது மட்டும் இருந்தாப் போதும்.”

இராஜேஸ்வரி என்னை நிதானமாகப் பார்த்தார். எனக்கு இன்னமும் விவரம் போதாது என்கிற அதே பார்வை.

“ஏன் சிஸ்டர், அன்னிக்கு என் பேரப் பாத்துத்தானே எந்தம்பிய அடையாளம் கண்டுபுடிச்சீங்க?”

மல்லிகாவிடம் அதைச் சொன்னதே நான்தான். காப்பை எடுத்து விரலால் அளந்து பார்த்தேன். போன் நம்பருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. பேனாவை அவரிடமே கொடுத்துவிட்டேன்.